எந்தக் காம்பராவில் புகை?

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 112 படி. கணக்கு டீச்சர் என்பதால் எண்ணி வைத்திருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். இருபத்தாறு வருடம் ஏறி இறங்கியும் எண்ணத் தோன்றியதில்லை. நெஞ்சு பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணினேன். அப்போது 40ஆவது படியில் நின்றுவிடுவேன். போன வருடம் பங்குனியில் கண்டியில் வைத்து, இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய இரத்தக் குழாயில், அது சுருங்காமல் தாங்குகிற கம்பி வலைக் குழல் ஒன்றை, ஸ்டென்ட் என்பார்கள், போட்டார்கள். சித்திரைப் புதுவருடத்துக்கு ஹட்டன் டவுனில் சாமான் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு 112ஐயும் நிற்காமல் ஏறினேன். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்து, எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

ஆவணியில், 70ஆவது படியில், கொய்யா மரத்தடியில், அந்தக் கை திரும்ப வந்தது.

கை என்றுதான் சொல்ல வருகிறது. குத்தல் இல்லை, எரிவும் இல்லை. யாரோ உள்ளங்கையை நெஞ்சு நடுவில் வைத்து என்னைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவது மாதிரி. அப்படியே தாடைக்கு ஏறிக் கீழ்ப்பல் வரிசையில் போய் உட்காரும். நின்றுவிட்டால் மூன்று நாலு நிமிடத்தில் கை விலகும்.

என் அம்மா முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். மலை ஏறும்போது இடையில் நின்று, "வாயு புடிச்சிருச்சு புள்ள" என்பாள். இராத்திரி வெள்ளைப்பூட்டை அடுப்புத் தணலில் சுட்டுத் தின்பாள். 57 வயதில், ஒரு நாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழும்பவில்லை. வாயு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறோமோ தெரியாது. அதனால் நான் வாயு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

போய் ஒரு பிழை விட்டேன். அங்கே இருந்தவர் சின்ன டொக்டர், தமிழ் தெரியாதவர். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் காணும், நெஞ்சுக்குக் காணாது. "பப்புவ தனவா" என்றேன். நெஞ்சில் என்னவோ செய்கிறது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அந்தப் பேச்சுக்கு நெஞ்செரிவு என்றுதான் அர்த்தம். "பப்புவ தத வெனவா", நெஞ்சு இறுகுகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒரு இசிஜி எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இரைப்பைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்டென்ட் வைத்தவள் என்று நான் கிளினிக் கொப்பியை நீட்டியதற்கு, "குழாய் புதுசுதானே, பயந்துகொண்டு இருந்தால் வலிக்கிற மாதிரித்தான் தெரியும்" என்றார். அந்தக் கடைசி வசனத்தைக் கூட வந்த மகன்தான் தமிழில் சொன்னான். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

ஆறு கிழமை அந்த மாத்திரையைக் குடித்தேன். 70ஆவது படி 58ஆனது.

பிறகு கண்டி கிளினிக். விடிய நாலு மணி பஸ். கினிகத்தேனை வளைவுகளில் வயிறு புரட்ட, நாவலப்பிட்டியில் ஒரு பிளேன்டீ, கம்பளை, பேராதெனிய என்று போய் இறங்கினால் வரிசை ஏற்கெனவே கேற் வரைக்கும் நிற்கும். அங்கே என்னைப் பார்த்த இதய டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனையாவது படியில்?" அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்கலாம்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்த பிறகும் ஒரு வருடத்துக்குள் ஐந்து பேரில் ஒருவருக்காவது நெஞ்சு வலி திரும்புகிறது. இது எனக்கு மட்டும் வந்த வினை இல்லை. வைத்த உடனே ஓரிரு நாள் வருகிற மந்தமான வலி பெரும்பாலும் குழாய் விரிந்த நோவு, அது தானாகப் போய்விடும். சில மாதம் கழித்து, நடந்தால் வந்து நின்றால் போகிற வலி என்றால் முதலில் பார்க்க வேண்டியது, வைத்த இடம் திரும்பச் சுருங்கியதா என்பதைத்தான். 1977இல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற டொக்டர் முதன்முதல் பலூன் வைத்து இதயக் குழாயை விரித்தார். பலூன் மட்டும் இருந்த அந்தக் காலத்தில், விரித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத் திரும்பச் சுருங்கியதாம். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகு அது பத்து சதவீதத்துக்கும் கீழே. ஆனால் பூச்சியம் இல்லை.

திரும்பவும் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டுப் படம் எடுத்தார்கள். ஸ்டென்ட் பளிச்சென்று திறந்திருந்தது. மற்றக் குழாய்களிலும் பெரிய அடைப்பு இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு அழுகை வந்தது. அப்படியென்றால் அந்தச் சின்ன டொக்டர் சொன்னதுதானே சரி? பயத்தில்தானே வலிக்கிறது? டொக்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்: "இந்தப் படத்தில் அரை மில்லிமீற்றருக்கு மேலான குழாய்தான் தெரியும், டீச்சர். அதுக்குக் கீழே இருக்கிறதுதான் அதிகம். அதுகள் தேவைக்கு விரியாவிட்டாலும் இதே வலி வரும்." ஹட்டன் கொழும்பு ரோடு திறந்திருக்கிறது என்பதற்காகத் தோட்டத்துக் குறுக்குப் பாதை எல்லாம் திறந்திருக்கிறது என்றா அர்த்தம்? மழைக்காலத்தில் எங்கள் டிவிஷனுக்கு வந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தச் சின்னக் குழாய் வலி பெண்களுக்குத்தான் கூடுதல் என்றும் சொன்னார்.

அந்தக் கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் கதை வேறு பக்கம் திரும்பியது. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற சிஆர்பி 38. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டுமென்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. சிவப்பணு படிகிற வேகத்தைக் காட்டுகிற ஈஎஸ்ஆர் 46. இரண்டுக்கும் நேரே தடித்த எழுத்தில் கூடுதல் என்று அடையாளம். ரிப்போர்ட் கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை பின்னேரம், டொக்டரைப் பார்க்கலாம் என்பது அடுத்த புதன். அந்த ஐந்து நாளும் நான் பட்ட பாடு, தனியாக ரிப்போர்ட் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். இதயம் அழற்சியில் வேகிறது, ஸ்டென்ட் சீழ் கட்டிவிட்டது என்று எனக்குள் நானே எத்தனை கதை கட்டினேன். மகன் போனைப் பிடுங்கி வைக்கும் வரைக்கும் தேடித் தேடி வாசித்தேன்.

வாசித்ததில் உருப்படியானதும் இருந்தது. இந்த சிஆர்பி என்ற புரதத்தை 1930இல் நியூயோர்க்கில் டிலெட், பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில். அந்தக் கிருமியின் சி என்ற சர்க்கரைப் பொருளோடு போய் ஒட்டியதால் வந்த பெயர். இதயத்துக்கும் அதற்கும் பிறப்பிலே ஒரு சொந்தமும் இல்லை. அதைச் செய்வது ஈரல். உடம்பில் எந்த மூலையில் அழற்சி வந்தாலும் செய்தி ஈரலுக்குப் போகும், ஈரல் சிஆர்பியை ஊற்றும். கால் புண்ணா, சளியா, மூட்டு வாதமா, ஈரலுக்குக் கவலையில்லை. ஸ்டென்ட் வைத்தாலும் ஒரு இரண்டு நாளைக்கு ஏறும், பைபாஸ் செய்தால் இன்னும் கூட ஏறும், பிறகு இறங்கும்.

வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மேட்டு லயம்தான் ஞாபகம் வந்தது. நான் பிறந்த லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா, அதாவது வீட்டு அறைகள். விடியப்புறம் மேல் ரோட்டில் நின்று பார்த்தால் கூரை முழுக்கப் புகை கசியும். யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று தெரியும், யாருடைய அடுப்பு என்று தெரியாது. இறங்கிப் போய்க் கதவு கதவாக எட்டிப் பார்த்தால்தான் உண்டு. சிஆர்பி அந்தக் கூரைப் புகை. நான் அதைப் பார்த்துவிட்டு நேரே நெஞ்சுக் காம்பராவில் தீப்பிடித்துவிட்டது என்று கத்தியிருக்கிறேன்.

புதன்கிழமை டொக்டர் செய்ததும் கதவு கதவாகப் பார்த்ததுதான். காய்ச்சல் இருந்ததா, மூத்திரம் எரிகிறதா, கால் காட்டுங்கள், வாயைத் திறவுங்கள். வாயில் நிறுத்தினார். கீழே இடது பக்கம் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். மாதக்கணக்காக இருந்திருக்கிறது. தாடைக்கு ஏறுகிற வலி இதய வலி என்று முடிவு பண்ணி, அந்தப் பக்கத்தில் வேறு வலி இருக்கலாம் என்றே நான் யோசிக்கவில்லை. சூடான தேத்தண்ணி பட்டால் வலித்தது. அதையும் நெஞ்சுக் கணக்கில் எழுதினேன். இரண்டு வலி ஒரே விலாசத்தில் குடியிருந்திருக்கிறது.

இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற இரண்டு மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் பல் பிடுங்க வேண்டும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பல் டொக்டர் கண்டிக்குக் கோல் எடுத்துக் கேட்டார். நிறுத்தவே கூடாது என்று பதில். புது ஸ்டென்ட் உள்ளவர்கள் தாங்களாக அந்த மாத்திரையை விட்டால் ஸ்டென்ட்டிலேயே இரத்தம் கட்டிவிடலாம். மாத்திரையோடேயே பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசாமல் இருந்தேன். அவ்வளவு நேரம் நான் வாய் மூடியிருந்தது அதுதான் முதல் தடவை என்று மகன் சொன்னான்.

சிஆர்பி இரத்தத்தில் ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாதியாகும். பதினோராம் வகுப்புப் பெருக்கல் விருத்திக் கணக்கு. 38, 19, 9.5, 4.75, 2.375. நாலு பாதிக்கு 76 மணித்தியாலம். அடுப்பை அணைத்துவிட்டால் மூன்று நாள் சொச்சத்தில் புகை அடங்க வேண்டும். உடம்பு கரும்பலகை இல்லை, அவ்வளவு ஒழுங்காக இறங்காது என்பதால் மூன்று கிழமை விட்டு, அதே சிஆர்பியை நுணுக்கமாக அளக்கிற மற்றப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். பத்துக்கு மேல் இருந்தால் வேறு ஏதோ நோய் ஓடுகிறது, அந்த இலக்கத்தை வைத்து இதயத்தைப் பேசக்கூடாது, ஆறவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது விதி. திரும்ப எடுத்ததில் 3.6.

ஒன்றுக்குக் கீழே என்றால் இதயத்துக்கு ஆபத்து குறைவு, ஒன்றிலிருந்து மூன்று நடுத்தரம், மூன்றுக்கு மேல் கூடுதல். நான் கூடுதலில்தான். ஆனால் எதற்கான ஆபத்து? இங்கேதான் எனக்கு விளங்க மாதக்கணக்கானது. அந்த இலக்கம் அடுத்த மாரடைப்பைப் பற்றிப் பேசுகிறது. 58ஆவது படியில் ஏன் நிற்கிறாய் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. 3.6 உள்ள எத்தனையோ பேர் மலையேறித் திரிகிறார்கள். 0.8 உள்ளவர்களுக்கும் நெஞ்சு பிடிக்கிறது.

மாரடைப்புப் பக்கத்தில் பெரிய வேலைகள் நடந்திருக்கின்றன. பாஸ்டனைச் சேர்ந்த ரிட்கர் என்ற டொக்டர் இதிலேயே கிடந்தவர். 2008இல் வந்த ஆய்வில், கொலஸ்ட்ரோல் அவ்வளவு இல்லை, சிஆர்பி மட்டும் இரண்டுக்கு மேல் என்றிருந்த 17,802 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள்; மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் பாதிக்குக் கிட்டக் குறைந்தது. ஆனால் ஸ்டாட்டின் கொலஸ்ட்ரோலையும் குறைக்கும், எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? 2017இல், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரில், கொலஸ்ட்ரோலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்குகிற ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். நடு அளவு மருந்தில் 15 சதவீதம் குறைந்தது. ஆக அழற்சி வெறும் புகை மட்டும் இல்லை, நெருப்பிலும் அதற்குப் பங்கு உண்டு என்று நிரூபணமானது. அதே ஊசி போட்டவர்களில் தொற்று நோயால் செத்தவர்களும் கூடுதல். விலையும் யானை விலை. அது இதய மருந்தாகவில்லை.

பக்கத்து டிவிஷன் அண்ணன் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலை பெக்டரியான இஸ்டோரில் வேலை செய்தவர், எனக்கு முன்னால் பைபாஸ் செய்தவர். வீட்டுக்கு வந்த மூன்றாம் கிழமை அவருக்கும் நெஞ்சு வலி. அவருடையது வேறு ஜாதி. படுத்தால் கூடும், மூச்சை இழுத்தால் குத்தும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். கொழுந்து நிறுக்கிறவன் மாதிரிக் குனிந்தபடியே இராத்திரி முழுக்க இருப்பார். அவருக்கும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் ஏறி இருந்தது. ஸ்கேனில் இதயத்தைச் சுற்றிய உறையில் கொஞ்சம் நீர். நெஞ்சைத் திறந்த பிறகு அந்த உறை கோபித்துக்கொண்டு வீங்குவது சிலருக்கு நடக்குமாம். அவர் விஷயத்தில் இரத்தம் சொன்னதும் வலி சொன்னதும் ஒரே கதை. அதனால் அழற்சியை அடக்க மருந்து கொடுத்தார்கள், கோல்ச்சிசின் என்ற மாத்திரையும் அதில் ஒன்று. கொஞ்ச நாளில் நிமிர்ந்து படுத்தார்.

கோல்ச்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம்முடைய கார்த்திகைப் பூச் செடியில். கிழங்கிலும் விதையிலும் இருக்கிற நஞ்சு அதுதான். இந்த நாட்டில் அந்தப் பூவின் பெயரை எடுத்தாலே ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள், அது வேறு கதை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் மயிரிழைதான். கிழங்கால் உயிர் போனவர்கள் உண்டு, யாரும் வீட்டு வைத்தியம் என்று அதன் பக்கம் போக வேண்டாம்.

எனக்கும் அதைத் தாருங்கள் என்று நானே போய்க் கேட்டேன். 2020இல் 5,522 இதய நோயாளிகளில் செய்த ஆய்வில் அரை மில்லிகிராம் கோல்ச்சிசின் மாரடைப்பு போன்றவற்றை 31 சதவீதம் குறைத்தது என்று வாசித்திருந்தேன். டொக்டர் சிரித்தார். "2024ஆம் ஆண்டு வந்ததையும் வாசியுங்க." மாரடைப்பு வந்தவர்கள் 7,062 பேரில் செய்தது அது, பிரயோசனம் தெரியவில்லை. "அதோட டீச்சர், அந்த மாத்திரை வருங்காலத்துக்கு. உங்களுக்கு வலிக்கிறது இன்றைக்கு. அண்ணனுக்கு வீங்கினது உறை, உங்களுக்கு அது இல்லை."

அவர் கண்ணில் பட்டது நான் பார்க்காத மூலையில் இருந்த ஒரு இலக்கம். ஹீமோகுளோபின் 9.8. சோகை. சோகை இருந்தால் இதயம் அதே வேலைக்குக் கூட இரத்தம் தள்ள வேண்டும். சின்னக் குழாய் மக்கர் பண்ணுகிறவளுக்கு அது போதும் நெஞ்சு பிடிக்க. ஈஎஸ்ஆர் 46இலும் சோகைக்குப் பங்கு உண்டாம். இரத்தம் நீர்த்துப் போனால் சிவப்பணு வேகமாகப் படியும், அழற்சி இல்லாமலே இலக்கம் ஏறும். இரத்தத்துக்கான மாத்திரையால் வயிற்றுக்குள் கசிகிறதா என்றும் பார்த்தார், இல்லை. கடைசியில் கேட்டார்: "சோறு சாப்பிட்டவுடனே தேத்தண்ணி குடிப்பீங்களா?" ஹட்டனில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா! சோற்றோடேயே குடிப்பேன். தேயிலைச் சாயம் சோற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்புக்கு ஏறவிடாது என்றார். நூற்றைம்பது வருடமாக எங்களை உறிஞ்சியது போதாது என்று இதுவுமா என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, அடுப்பு. 2022இல் காஸ் கிடைக்காத காலத்தில் பழையபடி மிலாறுக்குத் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பு, ஈரமானால் கண்ணைப் பிடுங்கும் புகை. காஸ் திரும்ப வந்த பிறகும் செலவுக்குப் பயந்து தண்ணி கொதிக்க வைக்க அதையே வைத்திருந்தேன். விறகுப் புகை நுரையீரல் வழியாக உடம்பில் அழற்சியைக் கிளப்பும், இதயக் குழாய்க்கும் ஆகாது என்றார். உவமைக்கு என்று நான் எடுத்த புகை கடைசியில் நிஜமாகவே என் குசினியில் இருந்திருக்கிறது. மகன் இப்போது கரண்ட் கேத்தல் வாங்கி வைத்திருக்கிறான்.

அதன் பிறகு நடந்தது சுருக்கம். ஸ்டாட்டின் அளவைக் கூட்டினார். குழாய்களைத் தளர்த்துகிற மாத்திரை ஒன்று புதிதாக. இரும்பு மாத்திரை. தேத்தண்ணி சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சேலை முந்தானையில் முடிச்சாக. வலி சும்மா இருக்கும்போது வந்தாலோ, அந்த மாத்திரைக்கும் ஐந்து நிமிடத்தில் மசியாவிட்டாலோ படி எண்ணிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும் என்று கொப்பியின் முன் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதித் தந்தார். தமிழில். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது, திருத்தவில்லை.

எது வேலை செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பல்லா, இரும்பா, புது மாத்திரையா, கேத்தலா. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எந்த மாறி எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது. பரீட்சையில் எழுதினால் நானே பிழை போடுவேன். போன மாதம் ஹீமோகுளோபின் 11.4. சிஆர்பி 2.1. அதை நான் இப்போது கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு ஏறி வரும்போது மழைத் தூறல். அண்ணன் தன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து சுருட்டு இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தார். நான் நின்றதைப் பார்த்துவிட்டார்.

"எத்தனாவது படி, தங்கச்சி?"

"நூத்தி நாலு."

"இன்னும் எட்டுத்தானே, மெதுவா ஏறு. அங்கன தேத்தண்ணி ஊத்திறாத."